குடிலுக்குள் கொடைக்கானல்

கொடைக்கானல் சென்று திரும்பும் நம்மூர்க்காரர் கையில் முன்பெல்லாம் பேரிக்காய்ப் பை இருக்கும். இப்போது ஸ்ட்ராபெரிப் பெட்டியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மலையில் செக்கச் செவேலென்று சிரித்த பழம், வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் கசங்கிவிடுகிறது. நாகல் நகர் வந்து பெட்டியைத் திறந்தால் பாதி பழம், பாதி பாகு. 'இதைத் திண்டுக்கல்லிலேயே பயிரிட்டால் என்ன?' என்று எவருக்கும் தோன்றக்கூடியதுதான்.

நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தகப்பனார் அவ்வளவில் நிற்கவில்லை. கிணற்றுப் பாசனமுள்ள இரண்டு ஏக்கரை ஈடு வைத்துப் பசுமைக்குடில் எழுப்ப முனைந்துவிட்டார். குடிலுக்குள் கொடைக்கானலையே உண்டாக்கித் தருவதாக ஒரு வியாபாரி வாக்களித்திருந்தாராம். வியாபாரிக்கென்ன, நிலம் அவருடையதா! ஈட்டுப் பத்திரம் எழுதுமுன் நம் அபிப்பிராயத்தைக் கேட்க வந்தார்.

பசுமைக்குடில் குளிர்நாட்டார் கண்ட உபாயம். வெயிலை உள்ளே விட்டு, அதனால் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதே அதன் தொழில். பனி கொட்டும் தேசத்தில் அது பேருபகாரம். சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில் செடி வெந்துபோகும். ஆகையால் இங்கே ஒரு பக்கம் நீர் சொட்டும் அட்டைத் திரைகளும் எதிர்ப்பக்கம் பெரிய மின்விசிறிகளும் வைக்கிறார்கள். நம் முன்னோரின் வெட்டிவேர்த் தட்டியின் தத்துவமேதான். காற்று உலர்ந்திருக்கும் வரை குளிரும். மின்சாரம் நின்றால் அதுவும் போயிற்று.

ஸ்ட்ராபெரிக்கோ பகலில் 20 முதல் 25 டிகிரியும், இரவில் 10 முதல் 15 டிகிரியும் இருந்தால்தான் சுகம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். நம் ஊர் 1,000 அடியைக்கூட எட்டவில்லை. தை மாதத்து விடியற்காலையிலும் அந்தக் குளிர் இங்கே இறங்கி வருவதில்லை. மேலும், மூடிய குடிலுக்குள் தேனீ வராது. மகரந்தம் சரியாகச் சேராத பூ கோணல் பழமாகும்.

அந்நியப் பழம் என்று நாம் வெறுப்பதாக எண்ணவேண்டாம். மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே! ஸ்ட்ராபெரியின் பூர்வோத்தரமும் வேடிக்கையானதே. 1714-ல் பிரெஸியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெரும்பழச் செடிகளைக் கொண்டுபோனார். அவை பெண் செடிகளாக இருந்தமையால் பிரான்ஸில் சரிவரக் காய்க்கவில்லை. வட அமெரிக்க வர்ஜினியா இனம் பக்கத்தில் வளர்ந்த இடத்தில்தான் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்றைய பழம். நம் நாட்டில் அதற்குப் பேர்போன மகாபலேசுவரமும் மலைதான். சுமார் 4,500 அடி உயரத்தில், பெரும்பாலும் திறந்த வயலிலேயே விளைகிறது; 2010-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

குடிலே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுறவில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே குடிலையும் நிழல்வலையையும் கண்ணால் பார்த்து, வெள்ளரி பற்றியும் குடைமிளகாய் பற்றியும் கேட்டபின் கணக்குப் போடும்படி சொன்னோம். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

இதற்கிடையில் பையன் மலையிலிருந்து இரண்டு நாற்றுகள் கொண்டுவந்து தொட்டியில் நட்டிருந்தான். மூன்று மாதமாயிற்று. இலை தழைத்து, ஓடுதண்டுகள் தொட்டியைத் தாண்டித் தொங்குகின்றன; பூ ஒன்றுகூட இல்லை. தகப்பனார் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போகிறாராம். ஈட்டுப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. வருகிற திங்கட்கிழமை ரெட்டியார்சத்திரம் போகப்போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.