படி, பலம், பதம்

எங்கள் ஆம்பூர் தெருவில் ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து பிரியாணி வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகும். முப்பது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான். என் மனைவி காலமான வருஷம் நாங்கள் பண்டிகை கொண்டாடவில்லை. அடுத்த தீபாவளிக்கு மருமகள், "அத்தை நோட்டைப் பார்த்து நாமே செய்யலாம் மாமா" என்றாள்.

நோட்டில் இருந்தது இரண்டே வரி. மனைவி தன் அம்மாவிடம் கேட்டு எழுதியது. ஒரு படி பச்சரிசிக்கு முப்பது பலம் வெல்லம்; பாகு பதம் பார்த்து மாவைக் கொட்டவும். தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவன் நான். தோலைச் சதுர அடியில் அளக்கத் தெரியும், பலம் தெரியாது.

பேரன் கம்ப்யூட்டரில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து கொடுத்தான். 2001-ல் தொடங்கியபோது அதற்குத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று பெயர். காசு கிடையாது. "சமையல்", "பாக சாஸ்திரம்" என்று தேடினால் பழைய புத்தகங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்; நம் வயதுக்கு அதுவே பெரிய உதவி. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்த 1951-ல் கிலோ, லிட்டர் புழக்கத்தில் இல்லை. மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததே 1956-ல்தான். அதற்கு முந்தைய சமையல் புத்தகமெல்லாம் படி, ஆழாக்கு, பலம், வீசைதான்.

கணக்குப் போட்டேன். ஒரு பலம் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1 கிலோ 400 கிராம். முப்பது பலம் வெல்லம் என்றால் 1 கிலோ 50 கிராம். ஒரு படி அரிசி ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் நிற்கும். ஆக, அரிசியில் முக்கால் பங்கு வெல்லம்.

அளவு கிடைத்தது. பதம்? பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் உருட்ட வரவேண்டும். முற்றினால் அதிரசம் கல்லாகும், இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். மருமகள் ஏழெட்டு முறை சொட்டு விட்டுப் பார்த்தாள். மாவை இரண்டு நாள் வைத்திருந்து, இலையில் தட்டிச் சுட்டோம். உடையாமல் வந்தது.

பாய் வீட்டம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். "நல்லா வந்திருக்கு அண்ணே. அக்கா சுக்கு கொஞ்சம் தூக்கலா போடுவாங்க" என்றார்.

சுக்கு என்ற சொல்லே மனைவியின் நோட்டில் இல்லை. சாப்பிட்டவர் நாக்கில் இருந்திருக்கிறது. அன்றைக்கே நோட்டில் சேர்த்தேன்.

அந்த அம்மாவின் பிரியாணி அளவும் எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சீரகச் சம்பா எவ்வளவு, மிளகாய் விழுது எவ்வளவு என்று கேட்டு மருமகள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள், கிராமில். உங்கள் வீட்டிலும் கேட்டு எழுதி வையுங்கள்.