ஒலுவிற் கரையிற் புங்கமரம்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைத் தாண்டிக் களியோடைப் பாலத்தை அடைகிறது. அப்பால் ஒலுவில். மேற்கே வயல், கிழக்கே வங்கக்கடல். 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தால் இவ்வூரின் பெயர் இன்று நாடெங்கும் வழங்குகிறது. ஆயினும் நாம் இங்கே கூற விழைவது, உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் அஞ்சாத புங்கமரத்தைப் பற்றியே.

பழந்தமிழ்ப் புலவர்கள் இதனைப் புன்கு என்றனர். உதிர்ந்து கிடக்கும் அதன் பூக்களைப் பொரிக்கு ஒப்பிட்டனர். பூவின் அழகு புலவர்க்கு. வீட்டிற்கு உதவியது காயே. பெருவிரலளவு நீண்ட, தடித்த தட்டைக் காய் அது. முற்றினாலும் தானாக வெடிப்பதில்லை. ஆற்றில் விழுந்தால் மிதந்து கடலுக்குப் போகும். அலை ஒதுக்கிய கரையில் முளைக்கும்.

காயை உலக்கையால் இடித்து ஓட்டை நீக்கி, விதையை வெயிலில் உலர்த்திச் செக்கிலிட்டு ஆட்டுவார்கள். விதையின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெய். கசப்பும் நாற்றமும் உடையது, உண்ணத் தகாது. மண்ணெண்ணெய் வருமுன் ஏழைகளின் அகல்களில் எரிந்த எண்ணெய்களுள் இதுவும் ஒன்று. சொறிக்கும் சிரங்குக்கும் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒருங்கே பூசப்பட்ட மருந்தும் இதுவே. சவர்க்காரம் காய்ச்சவும் தோலைப் பதப்படுத்தவும் உதவிற்று. எஞ்சிய புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது. வயலுக்கோ நல்ல எரு, கறையானும் அண்டாது. கக்குவான் கண்ட குழந்தையின் கழுத்தில் இவ்விதைகளைக் கோத்துக் கட்டுவதும் உண்டு. இருமல் அதனாலேயே நின்றது என்று சொல்ல நாம் துணியோம்.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவேண்டா. தெலுங்கு நாட்டில், அந்நாளைய ஆதிலாபாத் மாவட்டத்துப் பவர்குடா என்னும் பழங்குடிச் சிற்றூரின் பெண்கள் புங்கெண்ணெய் ஆட்டினர். அது டீசலுக்குப் பதிலாக எரிவதாற் குறையும் 147 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாக 2003இல் உலக வங்கி 645 டொலர் வழங்கிற்று. முற்றத்தில் நாம் கூட்டித் தள்ளும் காய்க்கு வந்த விலை அது!

ஒலுவிலிலோ கரையே குறைந்துவிட்டது. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தன. வடபுறத்துத் தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலிற் போயின. புங்கின் வேர் பக்கவாட்டிற் படர்ந்து மணலைப் பிணைப்பது உண்மைதான். ஆனால் அலை அடியோடு அறுக்கும் கரையை மரம் தாங்கிவிடும் என நம்புவது பேதைமை. அங்கே, மறிபட்ட மணல் வடக்கே போக வழி வேண்டும். மரத்துக்கு ஏற்ற இடம் சற்று உள்ளே, களியோடையின் கரைகளிலும் வீதியோரங்களிலும் இருக்கிறது. நாற்றுக்குப் பெருஞ்செலவில்லை. மாணவர்கள் மரத்தடியிற் பொறுக்கிய புதிய விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால், இரண்டொரு வாரத்தில் முளை தெரியும். காய்க்க மட்டும் ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்கவேண்டும்.