குப்பைத்தொட்டிக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு

1/ நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அம்மா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. "அப்பா வீடியோ ஒண்ணையும் காணோம்டா."

2/ எங்களுக்கு முடிச்சூர். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. ஆல்பம் எல்லாம் அப்பவே சேத்துல போச்சு. அப்பா இப்ப இல்ல. அவர் குரல் மிச்சம் இருந்தது அந்த போன்ல மட்டும்தான்.

3/ "இடம் இல்லன்னு வந்துச்சு. எல்லாம் கிளவுட்ல இருக்குன்னு நீதானே சொன்ன? அதான் பழசை அழிச்சேன்." மாத்திரையைக் குடுத்துட்டு எப்படிச் சாப்பிடணும்னு சொல்லாம விட்ட டாக்டர் நான்தான்.

4/ கூகுள் ஃபோட்டோஸ்ல பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்ல டெலிட் பண்ணா, கிளவுட்லயும் போயிடும். ஆனா உடனே அழியாது. ட்ராஷ்ல 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாததுன்னா 30 நாள். கூகுள் டிரைவ் ட்ராஷும் 30 நாள்தான். அப்புறம் தானா நிரந்தரமா அழிஞ்சிடும்.

5/ கை நடுங்க ட்ராஷைத் திறந்தேன். இருந்துச்சு. அழிச்சு 52 நாள் ஆகியிருந்தது. இன்னும் 8 நாள் கழிச்சுத் தேடியிருந்தா? ரீஸ்டோர் பண்ணதும் அம்மா முதல்ல சவுண்டைத்தான் கூட்டினாங்க.

6/ போன்ல இடம் வேணும்னா டெலிட் பண்ணாதீங்க. அதே ஆப்ல 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கு. பேக்கப் ஆனதை போன்ல இருந்து மட்டும் எடுக்கும்.

7/ முக்கியமானதுக்குத் தனியா ஒரு காப்பி, வேற வீட்டுல வைங்க. எங்களோடது சேலையூர்ல அக்கா வீட்டு பீரோல இருக்கு. ரெண்டாவது மாடி.