விரிசல் இருந்த இடம்

பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதைத் தறிச்சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். முதலில் ஒரு வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு தெரு முழுவதும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தோடு நாதஸ்வர ஒலியும் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஊதுபவன் எங்கள் இளைய மகன். நாங்கள் இருவரும் தறிக்குழியில் கால் வைத்தே வளர்ந்தவர்கள். சங்கீதம் எங்களுக்குக் கோயில் வாசலில் நின்று கேட்கிற ஒன்றாக மட்டுமே இருந்தது.

ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டையில் அது எழும்போது கூட்டம் தானாக வழி விடும். அப்படி ஒரு புறப்பாட்டில் எங்கள் மகன் எங்கள் கையை விட்டுவிட்டு, வாசிப்பவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு பின்பக்கமாகவே நடந்தான். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு இது கத்துக்கணும்" என்றான். அப்போது அவனுக்கு 11 வயது.

நயினாப் பிள்ளை வாழ்ந்த ஊர் இது. சங்கீதத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கற்றுக்கொடுக்க நல்ல வித்வான் ஒருவரும் கிடைத்தார். ஆனால் கருவி? பரம்பரையாக வாசிக்கிற வீடுகளில் இந்தக் கேள்வியே எழாது. தாத்தா வாசித்த குழல் உறையில் இருக்கும். பேரனின் கை வளர்ந்ததும் அது அவன் கைக்கு வரும். எங்களைப் போன்ற வீட்டில் முதல் கருவியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். புதிதாக ஒன்று செய்யச் சொல்லிக் காத்திருக்க எங்களுக்குக் கையிருப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. பழையது ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பழையது என்பதில் குறைவு ஒன்றும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன ஊர் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில்தான் குழல் கடைகிறார்கள். அந்த மரமும் புதிதாக வெட்டியதாக இருக்காது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய உத்திரமும் தூணுமே உகந்தவை என்பார்கள். ஆக, புது நாதஸ்வரமேகூட ஒரு பழைய வீட்டிலிருந்துதான் பிறக்கிறது. எங்கள் காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு அது 2022-இல் கிடைத்தது.

முதல் கருவி வாங்கிய கதையைச் சொல்ல இன்றும் எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. வெளியூரில் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நீளமான பாரி நாதஸ்வரம். கறுத்து, எண்ணெய் ஊறி, பளபளவென்று இருந்தது. குழலின் நடுவில் வெள்ளிப் பூண். விற்றவர் தாமே எடுத்து வாசித்துக் காட்டினார். கல்யாணி என்று நினைக்கிறோம். அந்தச் சிறிய கூடத்தில் அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. விலை பேசவே மனம் வரவில்லை. இரண்டு பாவு நெய்த கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, தூளியில் பிள்ளையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்தோம்.

வாங்கும்போது வித்வானை ஏன் கூட அழைத்துப் போகவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு அன்று கல்யாணக் கச்சேரி. மறுவாரம் வரை காத்திருந்தால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று பயந்தோம். பயந்தோம் என்பதைவிட ஆசைப்பட்டோம் என்பதே சரி.

அடுத்த ஐந்து மாதங்கள் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பையன் ஊதுவான். ஸட்ஜமும் பஞ்சமமும் ஒருவாறு நிற்கும். மத்தியமத்துக்கு வந்ததும் ஒலி சறுக்கும். கீழ்த்துளைகளை மூடும்போது குழல் கிறீச்சிடும். சுருதிப் பெட்டி ஒரு பக்கம் நிற்க, அவன் இன்னொரு பக்கம் நிற்பான். சங்கீதம் தெரியாத எங்கள் காதுக்கே அது தெரிந்தது. "கவனமா ஊதுடா", "மனசு எங்கே இருக்கு?" என்று தறியிலிருந்தபடியே குரல் கொடுப்போம். ஒருநாள் வாய் தவறி, "இவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தோமே" என்றும் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு அவன் காலையில் உறையைப் பிரிப்பது குறைந்தது. ஒரு மாலை, குனிந்த தலையோடு, "எனக்குச் சுருதி ஞானம் இல்லப்பா. வித்துடுங்க" என்றான்.

வித்வானிடம் போய்ச் சொன்னோம். அதுவரை பையன் அவர் வீட்டில் அவருடைய பழைய குழல் ஒன்றில் பாடம் கேட்டான். வீட்டில் மட்டும் எங்கள் குழலில் பழகினான். "அங்கே ஓரளவுக்கு நிக்குதேங்க. அந்தக் குழலைக் கொண்டாங்க பார்ப்போம்" என்றார். கொண்டுபோனதும் வாசித்தார். அவர் கையில் அது சரியாகத்தான் ஒலித்தது. எங்கள் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். வாயை எதற்கும் வளைக்காமல், ஒரே அளவாகக் காற்றை விட்டு, துளை துளையாக விரலை எடுத்தார். பையன் ஊதும்போது எப்படிச் சறுக்குமோ அப்படியே சறுக்கியது.

அவர் சொன்னதை அப்படியே தருகிறோம். "இதுல குத்தம் இருக்கு. ஆனா நான் வாயால சரிக்கட்டிடுவேன். முப்பது வருஷப் பழக்கம், எனக்கே தெரியாம சரிக்கட்டிடுவேன். அவனால முடியுமா? இதுதான் மத்திமம்னு அவன் காது பழகிடும். அப்புறம் அதை மாத்த நான் பத்து வருஷம் பாடுபடணும்."

நாதஸ்வரத்தில் வாசிப்பதற்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளும் சுருதியைச் சரி செய்துகொள்வதற்காக. மெழுகு வைத்து அடைப்பதும் திறப்பதும் அங்கேதான். ஸ்வரத்தின் நுட்பமெல்லாம் துளையைப் பாதி மூடுவதிலும், சீவாளியை உதடு பற்றுகிற அழுத்தத்திலும், காற்றின் அளவிலும் இருக்கிறது. அதனால்தான் தேர்ந்தவர் கையில் கருவியின் குறை மறைந்துபோகிறது. சுத்த மத்தியமம் சரியாக விழுவது ஒரு காலத்தில் பெரிய வித்வான்களுக்கே தீராத தொல்லையாக இருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்தக் குறையைச் சொல்ல, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி பல முறை முயன்று, சுத்த மத்தியமம் பேசுகிற நீண்ட பாரி நாதஸ்வரத்தை உருவாக்கித் தந்தார் என்பது நாதஸ்வர வரலாற்றில் பலரும் அறிந்தது. ராஜரத்தினம் பிள்ளைக்கே கருவி ஒத்துழைக்க வேண்டியிருந்தது. 11 வயதுப் பிள்ளையிடம் நாங்கள் மனசு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

வித்வான் அத்தோடு விடவில்லை. நடுவில் இருந்த வெள்ளிப் பூணைக் காட்டி, "இது இங்க எதுக்கு?" என்று கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடிமுனையையும் துளைகளையும் அடைத்துக்கொண்டு மேலிருந்து ஊதி, ஈரக்கையைப் பூணின் ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். கையில் மெல்லிய காற்று பட்டது. பூணுக்கு அடியில் மயிரிழை விரிசல்.

எவ்வளவு பெரிய வெட்கம்! ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா என்று பார்த்து அசலா போலியா என்று சொல்லும் வீடு இது. புடவை வாங்க வருகிறவர்களிடம், மினுமினுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். இன்னொருவர் தொழிலில் கால் வைத்ததும் நாங்கள் பார்த்தது வெள்ளிப் பூணைத்தான்.

பையனை உட்காரவைத்து, "தப்பு உன்மேல இல்ல. குழல்ல விரிசல். அதைப் பார்க்காம வாங்கினது எங்க தப்பு. உன்னைத் திட்டினதும் தப்பு" என்று சொன்னோம். அவன் அழவில்லை. "அப்போ எனக்குக் காது இருக்கா?" என்று மட்டும் கேட்டான். ஐந்து மாதமாக அந்தக் கேள்வியோடுதான் அவன் தூங்கியிருக்கிறான்.

இரண்டாவது முறை தேடும்போது வித்வான் கூடவே வந்தார். என்னென்ன பார்க்க வேண்டும் என்று வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். குழலை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் துளைப்பு நேராக, வழவழப்பாக இருக்க வேண்டும். வாசிக்கிற ஏழு துளைகளின் ஓரம் அரம் போட்டு அகலப்படுத்தியிருக்கக் கூடாது. முன்னே வாசித்தவர் தம் விரலுக்கும் வாய்க்கும் ஏற்றபடி திருத்தியிருந்தால் அது அவருடைய கருவி, அடுத்தவருடையது ஆகாது. கீழ்த்துளைகளில் மெழுகு இருந்தால் குற்றமில்லை. வாசிக்கிற துளையில் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மேல்முனையில் உலோகக் கெண்டை ஆடாமல் உட்கார வேண்டும். சீவாளியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது கொறுக்கைத் தட்டையில் செய்வது, தேய்ந்துபோகிற பொருள், எப்படியும் புதிதுதான் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு வாங்கக் கூடாது. "நான் வாசிச்சும் வாங்காதீங்க. எந்தக் கை வாசிக்கப்போகுதோ அந்தக் கை வாசிக்கட்டும்."

கையின் அளவு என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாரி நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி. நீளம் கூடக்கூடத் துளைகளுக்கு நடுவே இடைவெளியும் கூடும். சிறுவனின் விரல் கீழ்த்துளையை முழுவதும் மூடாமல் காற்று கசியும். கிறீச்சிட்டதற்கு விரிசலோடு இதுவும் காரணம். திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே இடைப்பாரி. மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. நம் ஊர் போலீஸ் பேண்டில் குழாயை நீட்டியும் இழுத்தும் ஊதுவார்களே, அந்த டிராம்போனில் ஏழு நிலைகள். ஏழாவது நிலைக்குச் சிறு பிள்ளையின் கை எட்டாது. கையை அவ்வளவு நீட்டாமலே அந்த ஸ்வரங்களைப் பிடிக்க உதவும் வால்வு பொருத்திய வகையும் இருக்கிறது. விரல் வைக்கத் துளையோ கட்டையோ இல்லாத அந்தக் குழாயிலும் ஸ்வரத்தைக் காதுதான் தேடிப் பிடிக்க வேண்டும். காது உருவாகிற வயதில் கையில் இருக்கும் கருவி பொய் சொல்லக் கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொது.

கடைசியில் கிடைத்தது ஒரு இடைப்பாரி. கோயில் சேவகத்தில் காலம் கழித்த பெரியவர் ஒருவருடையது. முன்பற்கள் விழுந்துவிட்டதால் சீவாளி உதட்டில் நிற்பதில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டார். குழலில் பூண் இல்லை, பளபளப்பு இல்லை. அணசின் விளிம்பில் சிறிய முறிவு ஒன்று இருந்தது. ஒலிக்கு அதனால் குறையில்லை என்று அவரே முதலில் காட்டிவிட்டார். விலையைப் பற்றிப் பேசாமல் பையனிடம், "ஸட்ஜம் மட்டும் பிடி, கண்ணு. நான் சொல்ற வரைக்கும் விடாதே" என்றார். அவன் பிடித்தான். முதலில் நடுங்கியது. அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பஞ்சமம், பிறகு மத்தியமம். சுருதிப் பெட்டியோடு அது ஒட்டிக்கொண்டபோது பையன் ஊதுவதை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

பெரியவர் கேட்டது முதல் கருவிக்கு நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "இவன் கை வளர்ந்ததும் இது சின்னதாயிடும். அப்போ சுவத்துல மாட்டி வைக்காதீங்க. ஊதுற பிள்ளை கையில கொடுத்துடுங்க."

தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் அதன் கடைசி இழைகளை அறுத்து எறிந்துவிடுவதில்லை. விழுதில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்போம். அவர் சொன்னது எங்களுக்கு உடனே புரிந்தது அதனால்தான் போலும்.

மகன் இப்போது பாரி வாசிக்கிறான். அவனே ஊதிப் பார்த்து, அவனே வேண்டாமென்று இரண்டைத் தள்ளி, மூன்றாவதாக எடுத்தது. இடைப்பாரி அடுத்த தெருவில் ஒரு பையனிடம் இருக்கிறது. விரிசல் விட்ட முதல் குழல் மட்டும் பரணில் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஒருவர் தம் மகளுக்கு வேண்டுமென்று விலை கேட்டு வந்தார். வெள்ளிப் பூணைத் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் நாங்கள் எங்களையே பார்த்தோம். போட்ட காசில் பாதியாவது வருமே என்ற நினைப்பு ஒரு கணம் வந்தது உண்மை. பிறகு ஈரக்கையைப் பூணின் ஓரம் வைத்துப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார், போய்விட்டார். போவதற்கு முன், நல்ல இடைப்பாரி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வித்வானின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினோம். மகளையும் கூட்டிப் போங்கள் என்று மறக்காமல் சொன்னோம்.