பாட்டிலில் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்



இன்று பீர் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் சிரிப்பீர்கள். எங்கள் அண்ணி முதல் ஆளாகப் போன் செய்வார் என்றும் தெரியும். அதுவும் எந்த மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன் பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. அதைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நமக்குப் பக்கத்து ஊர். இருந்தாலும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன், இப்போது சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவன், அவன் மனைவி சமையலறைப் பக்கம் போன நேரம் பார்த்துக் கேட்டான். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. அத்திப்பள்ளி போயி ரெண்டு பீர் குடிச்சா மறுநாள் ஒண்ணும் பண்றதில்ல. இங்க டாஸ்மாக்ல வாங்கி ரெண்டு குடிச்சா காலையில தலை பிளக்குது. நம்ம ஊர் சரக்குல எதையோ கலக்குறாங்களா?"

இதே கேள்வியை வேறு வேறு வாயில் கேட்டிருக்கிறேன். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம் என்பதால் நம் பக்கத்தில் இந்த ஒப்பீடு தினமும் நடக்கிறது. அறிவியல் டீச்சரிடம் கேட்டதால் அறிவியலாகவே பதில் சொல்கிறேன்.

"ரெண்டு இடத்திலயும் என்ன குடிச்ச? லேபிள் போட்டோ இருக்கா?" என்று கேட்டேன். போனில் தேடிக் காட்டினான். விடை அங்கேயே இருந்தது. அத்திப்பள்ளி பக்கம் அவன் குடித்தது அரை லிட்டர் மக்கில் ஊற்றித் தரும் லேகர், சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். இங்கே வாங்கியது 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில். லேபிளில் "8 சதவீதத்துக்கு மிகாமல்" என்று இருந்தது.

இப்போது கணக்குப் போடுவோம். 500 மில்லியில் 5 சதவீதம் என்றால் 25 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை சுமார் 0.79 கிராம். ஆக ஒரு மக்கில் 20 கிராம். 650 மில்லியில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி, அதாவது 41 கிராம். அவன் இரண்டு இடத்திலும் "ரெண்டு" என்றுதான் எண்ணினான். அங்கே உள்ளே போனது 40 கிராம், இங்கே 82 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. "8 சதவீதத்துக்கு மிகாமல்" என்பது உச்சவரம்பு, உள்ளே கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனாலும் படம் மாறாது.

ஒப்பிட இன்னொரு கணக்கு. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 61 கிராம் ஆல்கஹால். ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு. "பீர்தானே டீச்சர், அது கூல்டிரிங்க்ஸ் மாதிரி" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். கிங்ஃபிஷர் என்ற ஒரே பெயரில் பிரீமியம் இருக்கிறது, ஸ்ட்ராங்கும் இருக்கிறது. முன்னது 5 சதவீதத்துக்குள், பின்னது 8 வரை. ஹேவர்ட்ஸ் 5000, நாக் அவுட் போன்றவையும் ஸ்ட்ராங் வகைதான். அந்த 5000 வெறும் பெயர், அளவு இல்லை. கடையில் "ஒரு பீர்" என்று கேட்டால் எது கிடைக்கும் என்பது அன்றைய சரக்கைப் பொறுத்தது.

நாம் கடையில் மைல்டுக்கு மட்டும் "லேகர்" என்று சொன்னாலும், இந்த ஸ்ட்ராங் பீர்களும் பெரும்பாலும் லேகர் வகையே. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு "சேமித்து வைத்தல்" என்று பொருள். குளிர்ச்சியில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டைப் போட்டு, பிறகு குளிரிலேயே வைத்திருந்து தெளியவிடுவார்கள். மார்கழியில் நம் ஓசூர்க் குளிரில் இட்லி மாவு பொங்க ஒரு நாள் ஆவதும், சித்திரையில் கிருஷ்ணகிரி வெயிலில் நாலு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிவதும் உங்கள் வீட்டில் பார்த்ததுதான். அதே நொதித்தல் பாடம். ஸ்ட்ராங் செய்ய ஈஸ்ட்டுக்குத் தீனி அதிகம் தர வேண்டும். அரிசி, சோளம், சர்க்கரை என்று சேர்த்துக் கொடுத்தால் ஆல்கஹால் கூடும். சூடாகவும் வேகமாகவும் நொதித்தால் வேறு சில ஆல்கஹால்களும் கொஞ்சம் கூடுதலாக உண்டாகும்.

அடுத்தது கிளிசரின் கதை. "பீர்ல கிளிசரின் ஊத்துறாங்க, பாட்டிலைத் தண்ணியில கவுத்துனா இறங்கிடும்" என்று ஒரு வித்தை நாடு முழுக்க உலவுகிறது. கவிழ்த்த பாட்டிலிலிருந்து எண்ணெய் போல ஏதோ இறங்குவது உண்மைதான். இறங்குவது பீரேதான். அதில் கரைந்த சர்க்கரைச் சத்து மிச்சம் இருப்பதால் தண்ணீரைவிட அடர்த்தி சற்று அதிகம். அடர்த்தியானது கீழே இறங்கும், தண்ணீர் மேலே ஏறும். கலர் போட்ட சர்க்கரைத் தண்ணீரை இப்படிக் கவிழ்த்துப் பாருங்கள், அதே கோடு தெரியும். கிளிசரினை ஈஸ்ட்டே நொதிக்கும்போது சிறிதளவு உண்டாக்குகிறது, எந்த நாட்டுப் பீரிலும் அது இருக்கும். உங்கள் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் ஹேங்ஓவர் எதனால்? ஒரே காரணம் இல்லை. ஆல்கஹாலைக் கல்லீரல் உடைக்கும்போது அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் இடையில் வருகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குவதால் உடம்பு நீர் இழக்கிறது. வயிறு எரிகிறது. படுத்தவுடன் தூக்கம் வந்தாலும் பின்னிரவில் அந்தத் தூக்கம் கெடுகிறது. நோய் வந்தால் உடம்பு காட்டும் அழற்சியும் இதில் சேர்கிறது.

சரக்கின் வகைக்கும் பங்கு உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு போதைக்கு வோட்காவைவிட போர்பன் விஸ்கி குடித்தவர்களுக்கு ஹேங்ஓவர் அதிகம் இருந்தது. நிறமும் மணமும் தரும் துணைப்பொருள்கள் போர்பனில் மிக அதிகம். ஆனால் காலையில் கவனத்தைச் சோதித்தபோது இரு கூட்டமும் ஒரே மாதிரி தடுமாறியது. 2019இல் ஜெர்மனியில் 90 பேரை வைத்து, பீர் முதலில், ஒயின் பிறகு என்றும், மாற்றியும் கொடுத்துப் பார்த்தார்கள். வரிசை எதையும் மாற்றவில்லை. யாருக்குப் போதை அதிகம் ஏறியதோ, யார் வாந்தி எடுத்தார்களோ, அவர்களுக்கே மறுநாள் பாடு அதிகம். பிராந்தி, ரம்மோடு ஒப்பிட்டால் பீரில் இந்தத் துணைப்பொருள்கள் குறைவு. அதனால் இரண்டு பீர் பிராண்டுகளுக்கு நடுவே முதலில் பார்க்க வேண்டியது சதவீதமும் அளவும்தான். பழைய சரக்கு, வெயிலில் கிடந்த பாட்டில் என்றால் வாடையும் ருசியும் கெடும். அது நாக்குக்கான பிரச்சினை.

இனி, இந்தப் பதிவை நான் எழுத உண்மையான காரணம். முதல் ஷிப்ட்.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கும். 82 கிராம் கழிய சுமார் பத்து மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடிக்க உட்கார்ந்தவனுக்குக் காலை 7 வரை கணக்கு ஓடும். ஷிப்ட் 6 மணிக்கு. ஐந்தரைக்கே வண்டியை எடுத்து நெடுஞ்சாலை 44இல் லாரிகளுக்கு நடுவே போகிறான். அவன் மனதில் "ராத்திரி குடிச்சது, தூங்கி எழுந்தாச்சு". ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அபராதத்தை விடுங்கள், பிரஸ் மெஷினுக்கு அபராதம் போடத் தெரியாது, விரலைத்தான் எடுக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் முழுதும் போன பிறகும், ஹேங்ஓவர் இருக்கும்வரை கையும் கண்ணும் மந்தமாகவே வேலை செய்யும்.

பில்டர் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. மோர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல், தூக்கம் ஆகியவை ஆறுதல் தரும். தலைவலி மாத்திரையை வழக்கமாக்காதீர்கள். குடித்த உடம்பில் பாராசிட்டமால் கல்லீரலுக்கும், ஆஸ்பிரின், புரூஃபன் வகை வயிற்றுக்கும் ஆகாது. "காலையில ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்" என்பது மருந்து இல்லை, அடிமைத்தனத்தின் முதல் படி. காலையில் கை நடுங்கினால் அது ஹேங்ஓவரைத் தாண்டிய நிலை. அவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. இதை வீட்டுப் பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 2008 மே மாதத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டிருந்தது. மறு வருஷம் பெங்களூரு, கோலார் பக்கமும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால்.

மெத்தனாலின் கொடுமை என்னவென்றால், குடித்தவுடன் சாதாரண போதை போலத்தான் இருக்கும். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி. பார்த்தால் அப்படியே ஹேங்ஓவர். "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறோம். கண் மங்கினால், பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்னால், மூச்சு வேகமாக வாங்கினால், அது ஹேங்ஓவர் இல்லை. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால் உயிரும் பார்வையும் தப்பும். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மானம் பார்க்கிற நேரம் அது இல்லை.

குடிக்காத பிள்ளைகள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். குடிப்பவர்கள் நிறுத்தினால் டீச்சருக்கு மகிழ்ச்சி. நிறுத்தாதவர்கள் சதவீதத்தையும் மில்லியையும் பெருக்கி, நூறால் வகுத்து, மணிக்கணக்கு ஆக்கிப் பாருங்கள். ஸ்ட்ராங் பாட்டிலுக்கு 8 பெருக்கல் 650, வகுத்தல் 100, வருவது 52 மில்லி, 41 கிராம். அது கழிய ஐந்து மணி நேரம். காலையில் ஷிப்ட் இருந்தால் முந்தின இரவு வேண்டாம். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். வீட்டில் சொல்ல மாட்டேன்.

வாழ்க நலமுடன்.