மெஷின் மாட்டிய பிறகு

ஜனவரி 12

செவித்திறன் குறைவோடு பிறந்த குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி காதிலிருந்துதான் தொடங்குகிறது. கேட்காத ஒலியை எந்தக் குழந்தையும் சொல்லாது. உலக அளவில் ஏற்கப்பட்ட கால அட்டவணை எளிமையானது: பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றனர்.

முதல் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்பினால், நலமான உட்செவி தானே ஒரு மிக நுண்ணிய ஒலியைத் திருப்பி அனுப்பும். இதை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். சில நிமிட வேலைதான். 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையத்தை வகுத்திருக்கிறது. பிறவிச் செவிக்குறையும் அதன் பட்டியலில் உண்டு.

பிப்ரவரி 5

ஏன் தாமதமாகிறது? காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களுக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும், அழும். பாட்டி பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்க்கிறார். பிள்ளை திரும்புகிறது. அது திரும்பியது ஒலிக்கல்ல. தரையில் வந்த அதிர்வுக்கோ சுவரில் அசைந்த நிழலுக்கோதான். வீடு நிம்மதியாகிவிடுகிறது. அதன் பிறகு ஒன்றரை வயதில் சந்தேகம் வந்தால், “அவங்க அப்பாவே மூணு வயசுக்கு மேலதான் பேசினாரு” என்ற பதில் தயாராக இருக்கிறது.

தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் திருமணம் இன்னும் பரவலாக இருப்பதால், மரபுவழிச் செவிக்குறையை இங்கே மறந்துவிட முடியாது. பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருவரிடமும் மறைந்திருந்த ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் வெளிப்படும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் தகப்பனின் காது மந்தமாவது வேறு கதை. இரைச்சலால் வந்த அந்தக் கேடு பிள்ளைக்குப் பரம்பரையாக இறங்குவதில்லை.

மார்ச் 3

உலகச் செவித்திறன் நாள். குறையை உறுதி செய்வது பெரா சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை தூங்க வேண்டும். தூங்காவிட்டால் இன்னொரு நாள். உட்செவி நலமாக இருந்து நரம்பில் மட்டும் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ.யில் அது தெரியாது. ஆகவே மஞ்சள் காமாலை கடுமையாகிப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கிடந்த பிள்ளைக்குப் பெராவும் தேவை.

அடுத்தது கருவி. வீட்டார் வாயில் அது ‘மெஷின்’. ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். பிள்ளைக்கு எவ்வளவுக்கு மேல் கேட்கிறதோ அந்த அளவுக்கு மெஷின் அதை உயர்த்த வேண்டும். காதில் பொருந்தும் மோல்டு வளரும் குழந்தைக்குச் சில மாதத்திலேயே தளர்ந்துவிடும். தளர்ந்தால் ‘கீ...’ என்று விசிலடிக்கும். விசில் பொறுக்காமல் வீட்டார் ஒலியைக் குறைத்து வைப்பார்கள். பிள்ளை மெஷினை மாட்டிக்கொண்டே கேட்காமல் உட்கார்ந்திருக்கும். புது மோல்டு எடுப்பதுதான் வழி.

ஏப்ரல் 20

மிகக் கடுமையான குறை உள்ள குழந்தைக்கு மெஷின் போதாது. காக்ளியர் இம்ப்ளாண்ட் வேண்டியிருக்கும். உட்செவிக்குள் மின்முனைகளைச் செருகும் அறுவை அது. சில வாரம் கழித்து வெளிக்கருவியைப் பொருத்தி இயக்குவார்கள். மூளைக்காய்ச்சலால் காது போன குழந்தைக்கு உட்செவி எலும்பாக இறுகிவிடும் அபாயம் இருப்பதால் அங்கே அவசரம் அதிகம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த அறுவை உண்டு. ஆனால் ஆறு வயது என்பது எல்லைக்கோடு, இலக்கு அல்ல. செவிப்புலனுக்கான மூளைப் பகுதி மூன்றரை வயது வரை மிக இளக்கமாக இருக்கிறது என்பதை அனு சர்மாவின் ஆய்வுகள் காட்டின. ஏழு வயதுக்குப் பின் பலன் வெகுவாகக் குறைகிறது. திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. மாதக் கணக்கில் 10,000. ஓவர்டைம் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி இதை எளிதாகத் தாண்டிவிடுவார். தனியார் மருத்துவமனையின் சில லட்சங்களுக்கு அவரால் எட்டவும் முடியாது. நடுவில் நிற்கும் இந்தக் குடும்பங்களை இந்த வரம்பு கணக்கில் எடுப்பதில்லை.

மே 9

மெஷின் ஒலியைத்தான் தரும். மொழியைத் தருவது பேச்சு. கருவி இயங்கத் தொடங்கிய நாளே அந்தக் குழந்தையின் கேட்கும் வயதில் முதல் நாள். மூன்று வயதுப் பிள்ளை அன்று கைக்குழந்தைக்குச் சமம். உடனே பேசவில்லையே என்று கலங்குவதில் பொருளில்லை.

காலையில் முதல் வேலை ஆறு ஒலிச் சோதனை. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்தது: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இந்த ஆறுக்குள் அடங்கும். பிள்ளையின் பின்னாலிருந்து அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, கேட்டதும் பிள்ளை ஒரு கட்டையை டப்பாவில் போடும். நேற்று வரை ‘ஸ்’ஸுக்குக் கட்டை போட்ட பிள்ளை இன்று சும்மா இருந்தால் செல்லையோ, மோல்டையோ, காதில் சளியையோ பார்க்க வேண்டும்.

பிறகு நாள் முழுக்க வீட்டு வேலையே பாடம். அம்மா பிள்ளைக்கு எதிரே உட்காராமல், நன்றாகக் கேட்கும் காதின் பக்கம், ஒரு சாண் தள்ளி உட்கார்கிறார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் காதைச் சோம்பேறியாக்கிவிடும் என்பது இதற்குக் காரணம். “குக்கர் விசில் கேட்டுச்சா?” என்று காதைத் தொட்டுக் காட்டி, ஒலி வந்த பிறகே அடுப்பைக் காட்டுகிறார். ஒலி முன்னே, பொருள் பின்னே. மாட்டுக்கு ‘ம்மா’, காக்கைக்கு ‘கா கா’, ரயிலுக்கு ‘கூ...’. நெடில் நிறைந்த ஆராரோவும் நிலாச்சோற்றுப் பேச்சும் பயிற்சி நிபுணர்கள் கேட்கும் நீட்டலையும் ஏற்ற இறக்கத்தையும் ஏற்கெனவே கொண்டிருக்கின்றன.

தமிழ் கற்கும் காதுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘தட்ட எடு’, ‘தட்டுல போடு’. ‘வந்தான்’, ‘வந்தா’, ‘வந்தாங்க’. யார், எங்கே, எதை என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. மூச்சு குறைந்து குரல் தாழும் இடமும் அதுதான். ஆகவே தெரபிஸ்ட் வாலைச் சற்றே நீட்டி, அழுத்திச் சொல்லக் கற்றுக்கொடுப்பார். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து நடத்தும் பயிற்சி இந்த வாலைத் தவறவிடுகிறது.

கேள்வி கேட்ட பின் காத்திருப்பதே பெற்றோருக்கு மிகக் கடினமான பாடம். “சொல்லு, அம்மா சொல்லு, சொல்லுடா” என்ற நெருக்கடியில் பிள்ளை திருப்பிச் சொல்லக் கற்கும், பேசக் கற்காது. தெரபிஸ்ட்டிடம் கழிவது வாரத்தில் ஒரு மணி நேரம். பிள்ளை விழித்திருப்பது வாரத்தில் எழுபது மணி நேரத்துக்கு மேல். அந்த மணிகளில் மெஷின் காதில் இருக்கிறதா, பேச்சு நடக்கிறதா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

ஜூலை 14

தாயே முதல் ஆசிரியை என்பதைச் சென்னையில் நடத்திக் காட்டிய இடம் பால வித்யாலயா. 1969-இல் தொடங்கிய இந்தப் பள்ளி பள்ளிவயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கானது. தாய் பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டும். பிறகு பிள்ளை ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே நடக்கிறது. இம்ப்ளாண்ட் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே சாதாரணக் காதுக் கருவியோடு இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

கும்மிடிப்பூண்டி வடக்கு ரயில் பாதையில், திருவள்ளூர் மேற்குப் பாதையில். மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பெரியபாளையம் பக்கமாகப் பஸ் மாறிப் போக வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர் வழியே சென்ட்ரலுக்கு நேராக வந்து எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குப் போவதே பலருக்கு எளிது. எப்படிப் போனாலும் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பயிற்சியைப் பாதியில் விட்ட தாயைப் பொறுப்பில்லாதவர் என்பது பஸ் ஏறாதவர்களின் பேச்சு. வாரத்தில் ஒரு நாள் பயிற்றுநர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்து அங்கன்வாடியில் உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

செப்டம்பர் 23

சைகை மொழிகளுக்கான பன்னாட்டு நாள். சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. தாமதமாகக் கண்டறியப்பட்ட பிள்ளையும், செவி நரம்பே இல்லாத பிள்ளையும் பேச்சுக்காக மட்டும் காத்திருந்து எந்த மொழியும் இல்லாமல் வளர்வதுதான் பெரிய கேடு.

அக்டோபர் 25

வடகிழக்குப் பருவமழை. ஈரம் மெஷினுக்கு எதிரி. இரவில் அதைக் கழற்றிச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழும்போது லைன் வீட்டில் பயிற்சி நடக்காது. மெஷின் அம்மாவின் குரலோடு மழையையும் ஃபேனையும் தேசிய நெடுஞ்சாலையில் போகும் டிரெய்லரையும் சேர்த்தே உயர்த்துகிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். டிவியை அணைத்து, கிட்டே வந்து பேசுவது செலவில்லாத மருந்து.

நவம்பர் 16

எந்த மொழியில் பயிற்சி? வீட்டில் பேசும் மொழியில். எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் அது தெலுங்காக இருக்கலாம். சிப்காட் குடியிருப்பில் ஒடியாவாகவோ இந்தியாகவோ இருக்கலாம். பிள்ளை தமிழ்நாட்டில் வளர்வதால் தமிழிலேயே பேசுங்கள் என்று ஒடியாத் தாயிடம் சொல்வது தவறான அறிவுரை. திக்கித் திணறி நாலு சொல் பேசும் தாயிடமிருந்து பிள்ளை நாலு சொல்தான் கற்கும்.

டிசம்பர் 3

மாற்றுத்திறனாளிகள் நாள். சத்தத்துக்குத் திடுக்கிடாத கைக்குழந்தை, ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாத குழந்தை, ஒரு வயதில் ஒரு சொல்லும் வராத குழந்தை: மூவரையும் உடனே சோதிக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். “பேசிடும், பொறுங்க” என்று சொல்லும் பெரியவர்கள் அதைப் பெரா சோதனை முடிந்த பிறகு சொல்லட்டும்.