புதுச்சேரியில் ஒரு புளித்தண்ணீர்ப் பாடம்

புதுச்சேரி போனால் மியூசியத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ரோமாபுரியோடு வாணிபம் நடந்த அரிக்கமேட்டின் மணிகள் கண்ணைப் பறிக்கும்!

பார்த்துவிட்டு டூமா வீதியில் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவள் மாமியார் ஒரு ப்ரோச்சைக் காட்டினார். பழுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் பெண் முகம். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே, கடற்சங்கின் வெள்ளை அடுக்கைச் செதுக்கிச் செய்கிற ‘கேமியோ’ இது. சைகோனில் உத்தியோகம் பார்த்த அவர் அப்பா, மகள் கல்யாணத்துக்கு வாங்கி வந்ததாம்.

மூக்கு மட்டும் மழுங்கியிருந்தது.

“நான்தாம்மா காரணம். பளபளக்கட்டுமேன்னு புளித்தண்ணியில ஊறப் போட்டுட்டேன். அப்பா ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான்” என்றார்.

முட்டை ஓட்டைப் போலச் சங்கும் சுண்ணாம்புதானே! புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. பற்பசை தேய்த்தால் கீறல் விழும்.

இப்போது அவர் செய்வது: வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ, மிருதுவான பிரஷ்ஷால் தடவி, உடனே அலசி, துணியால் ஒற்றுகிறார். வறண்டு வெடிக்காமலிருக்க, எப்போதாவது ஒரு துளி பேபி ஆயில் தடவி, மிச்சத்தைத் துடைக்கிறார். சென்ட் போட்டு முடித்த பிறகே அணிகிறார். கழற்றியதும் மெல்லிய துணியில் சுற்றித் தனிப் பெட்டியில், வெயில் படாமல் வைக்கிறார்.

அந்த மூக்கு இனி வளராது. உங்கள் வீட்டுப் பாட்டி நகையாவது பிழைக்கட்டுமே!